விழுவதற்கும் படிக்கட்டு வேண்டும்: சண்டர்லேண்ட் தொடரும் சென்னை சிட்டியும்

வட்டக்கானலில் நான் வழக்கமாகத் தங்கும் வீட்டுக்குக் கீழே, கேரட் எடுத்துவிட்டுச் சும்மா போட்டிருக்கிற ஒரு படிக்கட்டு வயல் இருக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசங்க அங்கேதான் பந்து விளையாடுவார்கள். ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் சரிவு. அதனால் அவர்களாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பந்தைச் சரிவுப் பக்கம் உதைத்தவன்தான் இறங்கிப் போய் எடுத்து வரணும். அவன் வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஒரு விதியால் எல்லாப் பசங்களும் பந்தைத் தரையோடு, சின்னச் சின்ன பாஸாக ஆடுகிறார்கள். கோச் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

போன மாதம் பத்து நாள் அங்கே இருந்தேன். பகலில் ஆபீஸ் வேலை. நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர் மலை தெரியாது, கொஞ்ச நேரத்தில் அந்தப் பசங்களும் தெரிய மாட்டார்கள். ராத்திரி உட்கார்ந்து 'சண்டர்லேண்ட் டில் ஐ டை' என்ற நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரை முழுதாகப் பார்த்து முடித்தேன். 2018-ல் வந்த முதல் பாகம் 8 எபிசோடு, 2020-ல் வந்த இரண்டாவது 6, 2024-ல் வந்த மூன்றாவது 3. மொத்தம் 17. முதல் பாகத்தை 2019-லேயே ஒரு தடவை பார்த்தவன்தான். அப்போது கண் கலங்கிப் பார்த்தேன். இந்த முறை எனக்கு அந்தத் தொடர் மேல் ஒரு கோபம் வந்தது. அது ஏன் என்று எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. கூடவே 2019-ல் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு விஷயத்தைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது.

தொடர் எதைக் காட்டுகிறது

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சண்டர்லேண்ட் இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் துறைமுக ஊர். கப்பல் கட்டும் தளங்கள் எண்பதுகளின் கடைசியில் போயின. மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்திலேயே 1997-ல் கால்பந்து ஸ்டேடியம் வந்தது. 49 ஆயிரம் பேர் உட்காரலாம். ஊரில் இருந்த வேலையெல்லாம் போய், மிச்சம் இருந்தது கிளப்தான்.

அந்தக் கிளப் 2017-ல் பிரீமியர் லீகிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஒரே வருஷத்தில் மேலே ஏறிவிடும், அதைப் படம் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையில் கேமரா உள்ளே போனது. கிளப் ஏறவில்லை. 2018 ஏப்ரலில் சொந்த மைதானத்தில் பர்ட்டனிடம் தோற்று மூன்றாம் நிலைக்கு இறங்கியது. எடுக்க நினைத்த படம் வேறு, கிடைத்த படம் வேறு. தொடரின் பலமே இந்த விபத்துதான்.

எடுத்தது ஃபுல்வெல் 73 என்ற நிறுவனம். சண்டர்லேண்டின் பழைய ரோக்கர் பார்க் மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு ஃபுல்வெல் என்று பெயர். 1973-ல்தான் கிளப் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தது. ரெண்டையும் சேர்த்துக் கம்பெனிக்குப் பெயர் வைத்த ரசிகர்கள் இவர்கள். அதனால் கேமரா எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் எபிசோடிலேயே சர்ச்சில் பாதிரியார் கிளப்புக்காக ஜெபம் செய்கிறார். டாக்ஸி ஓட்டுபவர், கிளப் சமையலறையில் வேலை செய்யும் அம்மா, சீசன் டிக்கெட்டைப் பாட்டன் சொத்து மாதிரிப் பாதுகாக்கும் குடும்பங்கள், இவர்களோடுதான் நாம் ஒவ்வொரு தோல்வியையும் பார்க்கிறோம். கோல் விழும்போது கேமரா பாதி நேரம் மைதானத்தைக் காட்டாது, முகத்தைத்தான் காட்டும். விளையாட்டு ஆவணப்படங்களில் இவ்வளவு தைரியமாகப் பந்தை விட்டுவிட்டு மனிதனைப் பார்த்தது குறைவு. இதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

தோற்கும் கிளப்பை ஆதரிப்பது எப்படி இருக்கும் என்று இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை. என் பிரச்சினை வேறு இடத்தில். அதே கிளப்பில் வளரும் பையன் எப்படி இருப்பான் என்று இந்தத் தொடர் கேட்கவே இல்லை.

மாஜா என்கிற பையன்

சண்டர்லேண்டின் அகாடமி சாதாரணமானது அல்ல. ஜோர்டான் ஹெண்டர்சன் அங்கே வளர்ந்தவர். கோல்கீப்பர் ஜோர்டான் பிக்ஃபோர்டும் அங்கேதான். 2017-ல் கிளப் இறங்கியதும் பிக்ஃபோர்டை எவர்ட்டனுக்கு இரண்டரைக் கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அதாவது தொடர் ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒரு அகாடமிப் பையன் கிளப்பின் கடனுக்குப் போயாச்சு. 17 எபிசோடில் அகாடமிக்கென்று ஒரு எபிசோடு கிடையாது. பயிற்சி மைதானம் வரும், பின்னணியாக வரும். பதினாலு வயதில் அங்கே சேர்ந்தவன் எங்கே தங்குகிறான், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், பதினாறு வயதில் 'நீ வேண்டாம்' என்று சொன்னால் எங்கே போகிறான் என்றெல்லாம் தொடர் கேட்பதில்லை.

ஜோஷ் மாஜா கதையை எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பர் 16. சண்டர்லேண்ட் சொந்த மைதானத்தில் ஜெயித்துக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. சரியாகச் சொன்னால் 364 நாள். ஃபுல்ஹாமுக்கு எதிராக 18 வயது மாஜாவை மாற்று ஆட்டக்காரனாக இறக்கினார்கள். லீகில் அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். கோல் போட்டான். 1-0. முழு ஊரும் ஒரு வருஷம் காத்திருந்த வெற்றி ஒரு அகாடமிப் பையன் காலிலிருந்து வந்தது. காசு இல்லாததால்தான் அவனுக்கு அந்த வாய்ப்பு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காசு இருந்தால் அந்த இடத்தில் வேறு யாரையாவது வாங்கியிருப்பார்கள்.

அடுத்த சீசன், மூன்றாம் நிலையில், ஜனவரிக்குள் லீகில் 15 கோல். அவன் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. இரண்டாவது பாகத்தின் நடுப்பகுதி முழுக்க இதுதான். புது முதலாளி ஸ்டூவர்ட் டொனால்ட் போனில் பேசுகிறார், கவலைப்படுகிறார், ஏஜென்ட்டைக் குறை சொல்கிறார். கடைசியில் பையன் பிரான்சில் போர்தோ கிளப்புக்குப் போகிறான். பதிலுக்குக் கடைசி நாள் ராத்திரி வில் கிரிக் என்பவரை, மூன்றாம் நிலை லீகில் அதுவரை யாரும் கொடுக்காத விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த ராத்திரிக் காட்சி த்ரில்லர் மாதிரி எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கணக்குத் தெரிந்த முதலாளி, விலை ஏற ஏற, தன் ஆட்களே வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மேலே போய்க்கொண்டே இருக்கிறார். நானும் சீட் நுனியில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

ஆனால் இந்த முழுக் கதையிலும் மாஜா பேசுவது எவ்வளவு? மிகக் கொஞ்சம். முதலாளிக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து மனசைத் திறக்கச் சொன்ன கேமரா, அந்த 20 வயதுப் பையனிடம் அப்படி உட்காரவில்லை. அதனால் பார்ப்பவர் மனதில் ஒரே பதில்தான் தங்குகிறது: பையன் விசுவாசம் இல்லாதவன், ஏஜென்ட் பேராசைக்காரன். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்வரை அதை ஏன் நீட்டிக்காமல் விட்டார்கள் என்று தொடர் அழுத்திக் கேட்பதில்லை. ரெண்டு வருஷத்தில் ரெண்டு தடவை கீழே இறங்கி, முதலாளியும் மேனேஜரும் மாறிக்கொண்டே இருந்த ஒரு வீட்டில், வளர்ந்த பிள்ளை ஏன் தங்கணும் என்றும் கேட்பதில்லை.

ரசிகனின் கண்ணால் எடுத்த படத்தின் எல்லை இதுதான் என்று நினைக்கிறேன். ரசிகனுக்குக் கிளப் என்றால் அப்பா, தாத்தா, கல்லறை. அகாடமிப் பையனுக்குக் கிளப் என்றால் அடுத்த மாத ஒப்பந்தம். ரெண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது. தொடர் ஒன்றைத்தான் காதல் என்று ஒத்துக்கொள்கிறது.

ஒரு சின்ன இடைவெளி: நம்ம படங்கள்

தமிழில் கால்பந்து படம் என்றதும் 2019-ல் வந்த 'பிகில்' ஞாபகம் வரும். அதில் கிளப் கிடையாது. மாநில அணி, ஒரு போட்டித் தொடர், கடைசியில் ஃபைனல். கோச் வருகிறார், ஊக்கப்படுத்துகிறார், ஜெயிக்கிறார்கள். படம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண்கள் எங்கே பயிற்சிக்குப் போவார்கள் என்ற கேள்வி வராது. அட்லீயை மட்டும் குறை சொல்ல முடியாது. நமக்குக் கிளப் என்ற ஒன்றைப் பார்த்து வளர்ந்த அனுபவமே குறைவு. ஃபைனலைத்தான் பார்த்திருக்கிறோம். சண்டர்லேண்ட் தொடர் நமக்கு இவ்வளவு புதிதாக இருந்ததும் அதனால்தான். ஒரு தோல்விக்குப் பிறகும் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது, 30 ஆயிரம் பேர் மறுபடி வந்துவிடுகிறார்கள்.

2019: ரெண்டு கோப்பை வந்த வருஷம்

இப்போது என் திருத்தத்துக்கு வருகிறேன்.

2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயித்தால் சாம்பியன். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் இன்னொரு ஊரில் ஆடிக்கொண்டிருக்கிறது, ஒரு புள்ளிதான் பின்தங்கி. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் ரெண்டு கோல் போட்டார். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. கோச் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். மான்சிக்கு அந்த சீசனில் 21 கோல். ஸ்பெயின் ஆட்டக்காரர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று நம்ம ஊர்ப் பசங்க. முந்தைய சீசனில் அதே கிளப் 8-வது இடம். அப்போது அதன் நட்சத்திரம் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். அவர் ஐ.எஸ்.எல்.லுக்குப் போன பிறகும் இது நடந்தது.

ரெண்டு மாதம் கழித்து, மே மாதம், மதுரை சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீகை எடுத்தது. ஒரே வருஷத்தில் ஆண்கள், பெண்கள் ரெண்டு தேசிய லீக் பட்டமும் தமிழ்நாட்டுக்கு.

அந்த வருஷக் கடைசியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அகாடமி வரும், நம்ம பசங்க ஐரோப்பாவுக்குப் போவார்கள் என்று பேச்சு. நான் இங்கே உற்சாகமாக ஒரு குறிப்பு எழுதினேன். 'இனி தமிழ்நாட்டில் ஒரு பையன் கால்பந்தை நம்பி வாழலாம்' என்ற அர்த்தத்தில். அது தப்பு. அன்றைக்கே தப்பென்று தெரிந்திருக்க வேண்டிய தப்பு.

என்ன நடந்தது? கோர்டில்லோ ஹைதராபாத் போனார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பான் போனார். கொரோனா வந்தது. எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு, ரொமாரியோ கோவாவுக்கு, அஜித் குமார் பெங்களூருவுக்கு. 2021-ல் பாசெல் கிளப்பே கை மாறியது. அந்த ஊர் ரசிகர்கள் சென்னை முதலீட்டை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர்கள். 2021-22 சீசனுக்குச் சென்னை சிட்டிக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லாமல் போனது. சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

இதைப் பற்றி ஆவணத் தொடர் எதுவும் வரவில்லை. வந்தாலும் கேமரா யார் முகத்தைக் காட்டும்? கிளப்பின் பெயரில் சென்னை, ஆட்டம் 500 கிலோமீட்டர் தள்ளிக் கோயம்புத்தூரில். சென்னை நேரு ஸ்டேடியம் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.யின் வீடு. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று கூட்டமாக வருபவர்களும் அவர்களுக்கே. கோயம்புத்தூரில் வந்து கத்தியவர்கள் உண்மையான ரசிகர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ரெண்டு மூணு சீசனில் தாத்தாவின் டிக்கெட் என்று ஒன்று உருவாகாது.

படிக்கட்டு

இப்போது ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: கஷ்டப்படும் கிளப்பாக இருப்பதற்கே ஒரு வசதி வேண்டும். சண்டர்லேண்ட் விழுந்தபோது கீழே ஒரு படி இருந்தது. அதற்குக் கீழேயும் இன்னொரு படி. மூன்றாம் நிலையில் நாலு சீசன் கிடந்தார்கள். 2018 டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டோடு நடந்த மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். அந்த நாளை இரண்டாவது பாகம் ஒரு விற்பனைச் சாதனை மாதிரிக் காட்டுகிறது. எனக்கு அது விழுந்தவனைக் கீழே தாங்கிய படி மாதிரித் தெரிகிறது.

நான் மூன்று படிக்கட்டு என்று எண்ணுகிறேன். ஒன்று, லீக்: விழுந்தால் நிற்க ஒரு இடம், ஏற ஒரு வழி. ரெண்டு, கூட்டம்: தோற்றாலும் வருகிறவர்கள். மூணு, அகாடமி: காசு தீர்ந்த அன்று இறக்கிவிட ஒரு 18 வயதுப் பையன். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு முதலாளி போனாலும் கிளப் நிற்கும். எங்கள் தொழிலில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். ஒரே ஒரு பாகம் போனால் முழு சிஸ்டமும் போய்விடும் என்றால் அது டிசைன் கோளாறு. சென்னை சிட்டி அப்படித்தான் இருந்தது.

லீக் என்ற முதல் படியைப் பாருங்கள். ஐ.எஸ்.எல். 2014-ல் ஃபிரான்சைஸாக ஆரம்பித்தது. அப்போது அதிலிருந்து யாரும் கீழே விழ முடியாமலும், கீழிருந்து யாரும் ஏற முடியாமலும் இருந்தது. 2019-ல் ஐ-லீக் ஜெயித்ததால் சென்னை சிட்டிக்கு மேலே போக வழி கிடையாது. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறலாம் என்பது 2022-23 சீசன் முதல்தான் வந்தது. பஞ்சாப் எஃப்.சி. அப்படி ஏறியது. அது முன்பு 2019-ல் கோயம்புத்தூரில் தோற்ற அதே மினர்வாவின் வழியில் வந்த கிளப். ஜெயித்தவன் காணாமல் போனான், தோற்றவன் நாலு வருஷம் தாக்குப் பிடித்து மேலே ஏறினான்.

அகாடமி என்ற மூன்றாவது படியில் பணக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஆட்டக்காரர் காசுக்கு நாடு விட்டு நாடு மாறும்போது, ஃபிஃபா விதிப்படி விலையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரிய வேண்டும். 12 முதல் 15 வயதுவரை வருஷத்துக்குக் கால் சதவீதம், அதன் பிறகு வருஷத்துக்கு அரை சதவீதம். ஒரு பையன் ஒரு கோடி ரூபாய்க்குப் போகிறான் என்று வையுங்கள். பனிரண்டிலிருந்து பதினைந்துவரை நாலு வருஷம் அவனை வளர்த்த கிளப்புக்கு ஒரு லட்சம் வரும். நாலு வருஷ பூட்ஸ், சாப்பாடு, பஸ் காசுக்கு ஒரு லட்சம். அதுவும் அந்தக் கிளப் அப்போது உயிரோடு இருந்தால், பதிவு சரியாக இருந்தால், பையன் விலைக்குப் போனால். அகாடமியால் லாபம் வரும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அகாடமி என்பது செலவு. தோற்கும் வருஷத்திலும் செய்ய வேண்டிய செலவு.

நம்ம ஊர்ப் படிகள் எங்கே இருக்கின்றன

சரி, தமிழ்நாட்டில் படியே இல்லையா என்றால், இருக்கிறது. கிளப்புக்கு வெளியே இருக்கிறது. சென்னை சீனியர் டிவிஷன் லீகைப் பல காலம் தாங்கியது ஆபீஸ் அணிகள்: இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. முட்டி போனாலும் சம்பளம் வரும். ஐரோப்பாவில் கிளப் கொடுக்கும் பாதுகாப்பை இங்கே வங்கியும் ரயில்வேயும் கொடுத்தன. அந்த வேலைகள் குறையக் குறைய அந்தப் படியும் தேய்ந்தது.

இன்னொன்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை. தேர்வுப் போட்டி வைத்து எடுப்பார்கள். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிக்கூடம் எல்லாம் அரசு செலவு. மூன்றாவது, வியாசர்பாடி மாதிரி இடங்களில் வருஷக்கணக்கில் இலவசமாகப் பந்து சொல்லிக் கொடுப்பவர்கள். 2018-ல் ஐ.எஸ்.எல். ஜெயித்த சென்னையின் அணியில் ஆடிய தன்பால் கணேஷ் அங்கிருந்து வந்தவர். இப்போது மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் என்ற தங்கும் அகாடமி இருக்கிறது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் ஆரம்பித்தது. பெரிய அணியை வாங்கி ஆரம்பிக்காமல் சின்னப் பசங்களிடமிருந்து ஆரம்பித்தது சரியான வரிசை என்றே நினைக்கிறேன். ஆனாலும் முதலாளி கை எடுத்தால் நிற்குமா என்ற கேள்வியை 2019-ல் கேட்காமல் விட்டேன். இனி எந்த நல்ல செய்தியிலும் விட மாட்டேன்.

சேது எஃப்.சி. இன்னும் மகளிர் லீகில் ஆடிக்கொண்டிருக்கிறது. சத்தம் குறைவு, ஆனால் இருக்கிறது. மதுரையிலிருந்து மலை ஏறினால் வட்டக்கானல். பக்கத்திலேயே இருந்த அந்த உதாரணத்தை நான் கவனிக்காமல் பாசெல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பங்கு

கோபம் தொடர் மேல் என்று ஆரம்பித்தேன். முழு உண்மை அது இல்லை.

நான் தங்கும் அந்த வீட்டு அண்ணனுக்கு ரெண்டு பையன்கள். 2019-ல் பெரியவன் எட்டாம் வகுப்பு. அந்த வயலில் ஆடியவர்களில் அவனைத்தான் கண் தேடும். சென்னை சிட்டி ஜெயித்த சூட்டில், சமவெளியில் ஒரு தனியார் அகாடமியை நான்தான் கண்டுபிடித்து அவன் அப்பாவிடம் சொன்னேன். வெளிநாட்டுக் கிளப் பெயரெல்லாம் போட்ட அழகான வெப்சைட். ஃபீஸ் பாதி நான் கட்டினேன், மீதிக்கு அவர் பூண்டு விற்ற காசு. கொரோனாவுக்கு முன்னாலேயே, வருஷம் முடியும் முன், அந்த இடம் மூடிவிட்டது. பையன் ஒரு பையும் பூட்ஸுமாக வத்தலக்குண்டில் இறங்கி பஸ் மாறி வீடு வந்தான். காசு திரும்பவில்லை. காசு போனால் போகிறது. அந்த எட்டாம் வகுப்பிலேயே அரசு விடுதித் தேர்வுக்கு அவன் போயிருக்கலாம். அப்படி ஒன்று இருப்பதையே நான் விசாரிக்கவில்லை. அடுத்து கொரோனா, பள்ளிக்கூடமே சரியாக நடக்காத ரெண்டு வருஷம், பிறகு பத்தாம் வகுப்பு. விடுதியில் சேரும் வயதும் வகுப்பும் கைநழுவிப் போச்சு.

இப்போது அவனுக்கு 19. ராத்திரியில் பிக்கப் வண்டியில் கேரட் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போய் வருகிறான். இந்தத் தொடரின் மூன்று எபிசோடை என்னோடு உட்கார்ந்து பார்த்தான். மாஜா போகும் இடத்தில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்: "போகாம என்ன சார் பண்ணுவான்? அங்க நாளைக்கு இருக்குமான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

17 எபிசோடில் யாரும் மாஜாவுக்காகச் சொல்லாத வரி அது. என் கோபத்துக்கும் அதுதான் ஆரம்பம்.

தொடர் முடிந்த பிறகு

மூன்றாவது பாகம் 2022-ல் வெம்பிளியில் வைகம்பை 2-0 என்று வென்று இரண்டாம் நிலைக்கு ஏறுவதோடு முடிகிறது. உண்மையான முடிவு அதற்குப் பிறகு வந்தது. 2025 மே 24, மறுபடி வெம்பிளி. ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு பிளே-ஆஃப் ஃபைனல். 1-1. காய நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 95-வது நிமிஷத்தில் டாம் வாட்சன் என்ற 19 வயதுப் பையன், மாற்று ஆட்டக்காரனாக இறங்கியவன், தூரத்திலிருந்து தரையோடு அடித்தான். 2-1. எட்டு வருஷம் கழித்து சண்டர்லேண்ட் பிரீமியர் லீகுக்குத் திரும்பியது.

வாட்சன் அந்த அகாடமியிலேயே வளர்ந்தவன். இன்னொரு விஷயம்: அந்த ஆட்டத்துக்கு முன்பே அவன் ஒரு கோடி பவுண்டுக்கு பிரைட்டனுக்குப் போவது முடிவாகிவிட்டது. போகப் போகிறவன்தான் கிளப்பை மேலே ஏற்றிவிட்டுப் போனான். அன்றைக்கு கேப்டன் டான் நீல், கோல்கீப்பர் ஆண்டனி பேட்டர்சன் ரெண்டு பேரும் அதே அகாடமி. மூன்றாம் நிலையில் கிடந்த வருஷங்களிலும் அந்த இடத்தை மூடாமல் வைத்திருந்ததால் கிடைத்தவர்கள்.

இதை எடுக்க கேமரா அங்கே இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? கூட்டத்தில் அழுகிற முகத்தைக் காட்டியிருக்கும், தப்பில்லை. கொஞ்சம் திரும்பி அந்தப் பையனிடம், போகிறவனாக இருந்தும் எப்படி ஆடினாய் என்று கேட்டிருக்குமா என்பதுதான் என் சந்தேகம். விசுவாசம் என்றால் கடைசிவரை இருப்பது என்று அந்தத் தொடர் நம்புகிறது. இருக்கும்வரை ஒழுங்காக ஆடிவிட்டுப் போவதும் விசுவாசம்தான். அப்படிப் போகிறவனை நல்லபடியாக அனுப்பி வைக்கிற கிளப்தான் அடுத்தவனையும் வளர்க்கும்.

தொடரைப் பாருங்கள். முதல் ரெண்டு பாகத்தையாவது பாருங்கள். பார்க்கும்போது கேமரா காட்டாத அந்தப் பதினாலு வயதுப் பையனையும் மனதில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் சின்னப் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. கிளம்பும் நாள் காலையில் விளையாட்டு விடுதிச் சேர்க்கை பற்றி நான் எழுதி வைத்திருந்த தாளை அண்ணனிடம் கொடுத்தேன். என்ன சான்றிதழ் வேண்டும், எந்த மாதம் அறிவிப்பு வரும், திண்டுக்கல்லில் யாரைப் போய்ப் பார்க்கணும் என்று. அவர் வாங்கி ரெண்டு தடவை படித்தார்.

"இது கவர்மென்டுதானே சார்? நடுவுல மூட மாட்டாங்கல்ல?"

"விசாரிச்சுட்டுத்தான் அண்ணே எழுதியிருக்கேன்" என்றேன். இந்த முறை உண்மையிலேயே விசாரித்திருந்தேன்.